பச்சை விழுங்கிய பெயர்

கைக்குக் கிடைத்த பெட்டியையெல்லாம் பிரித்துவிடுவது என் மனைவியின் வியாதி. பற்பசை வாங்கி வந்தால் ட்யூபை வாஷ்பேசின் ஓரத்தில் அநாதையாகப் படுக்க வைத்துவிட்டு, அட்டையின் ஒட்டை நகத்தால் நெம்பி, முழுதாக விரித்து, சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். "ஒட்டுற இடத்துல மை படாம எவ்வளவு அழகா விட்டிருக்கான் பாருங்க" என்பாள். நானும் பார்ப்பேன். எனக்கு அது பிய்ந்த அட்டையாகத்தான் தெரியும். பல்பு, ஊசிநூல், ஷூ பாலிஷ் என்று எங்கள் வீட்டில் எதற்கும் மேல்சட்டை கிடையாது. கண்ணுக்கு விடுகிற மருந்து எது, காதுக்கு விடுகிற மருந்து எது என்று தெரியாமல் ஒருநாள் நான் போட்ட கூச்சலில் மருந்துப் பெட்டிகளுக்கு மட்டும் விடுதலை கிடைத்தது.

அவள் தொழில் அது. கடை அலமாரிகளில் நிற்கிற பெட்டிகளின் மேல் வருகிற படம், எழுத்து, நிறம் எல்லாவற்றையும் அச்சுக்குத் தயார் செய்து கொடுப்பவள் அவள். படம் வரைகிறவர் வேறு, அச்சடிக்கிறவர் வேறு. நடுவில் உட்கார்ந்து, வரைந்ததைப் பெட்டியாக்குவது இவள் பாடு. பெட்டியை விரித்துப் போட்டால் அது பெட்டி மாதிரியே இருக்காது. ஒரு பக்கம் நேராக இருக்கும், இன்னொரு பக்கம் தலைகீழாக நிற்கும், மூடி எங்கேயோ ஒருக்களித்துப் படுத்திருக்கும். மடித்த பிறகு எல்லாம் ஒழுங்காக நிமிர்ந்து நம்மைப் பார்க்க வேண்டும். மனசுக்குள்ளேயே மடித்து மடித்துப் பார்த்து, தலைகீழ் எழுத்தை அவள் தண்ணீர்பட்ட பாடாகப் படிப்பாள். காலையில் நான் செய்தித்தாளைப் பிரித்தால், எதிரில் காபி குடித்துக்கொண்டே எனக்கு முன்னால் படித்து முடித்துவிட்டு, "ம், திருப்புங்க" என்பாள். மேசையில் போனை வைத்துவிட்டு நிம்மதியாக ஒரு ரகசியம் காப்பாற்ற முடியாத வீடு எங்களுடையது.

எந்த வேலை வந்தாலும் உடனே கம்ப்யூட்டரில் உட்கார மாட்டாள். முதலில் வெள்ளை அட்டையை வெட்டி, மடித்து, ஒரு மொட்டைப் பெட்டி செய்வாள். அதற்குள் பொருளைப் போட்டு வீட்டில் நடமாட விடுவாள். ஈரக்கையோடு நான் அதைத் திறக்க வேண்டும். மகள் அதைக் கைதவறிக் கீழே போட வேண்டும். எங்கே கட்டைவிரல் போகிறது, எந்த மூலை முதலில் நசுங்குகிறது என்று ஓரமாக நின்று பார்ப்பாள். நானும் மகளும் சம்பளமில்லாத சோதனை எலிகள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற எனக்கு என் வேலையில் யாரையும் இப்படிப் படுத்தத் தெரியாது.

கடைக்கு அவளோடு போவது இன்னொரு கொடுமை. அவள் செய்த பெட்டி எங்கேயாவது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் அவளுக்குப் பொறுக்காது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் காலரைச் சரிசெய்கிற மாதிரி ஒவ்வொன்றாக முகத்தை முன்னால் திருப்பி வைப்பாள். கடைப்பெண்கள் ஓடி வருவார்கள். "மேடம், நீங்க யாரு? எதுக்கு இதையெல்லாம் தொடுறீங்க?" என்பார்கள். "நான்தான் இந்தப் பெட்டியை..." என்று ஆரம்பிப்பாள், பாதியில் நிறுத்திவிடுவாள். பெட்டியில் கம்பெனி பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர்கூடப் பொடி எழுத்தில் இருக்கும், இவள் பெயர் எங்கேயும் இருக்காது. என்ன சொல்லி நிரூபிப்பாள்? "சும்மா பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளர் பார்த்துச் "சரி" என்று சொல்லிவிட்டால், அதன்பிறகு ஒரு புள்ளியைக்கூடத் தொட மாட்டாள். நன்றாக இல்லையென்று தனக்கே பட்டாலும் தொட மாட்டாள். ஒரு பிஸ்கட் கம்பெனி முதலாளி சரி சொன்ன மறுநாள் போன் செய்து, பிஸ்கட்டை மயிரிழை வலப்பக்கம் தள்ளச் சொன்னார். முதலிலிருந்து எல்லாப் பக்கத்தையும் மறுபடி பார்த்து மறுபடி சரி சொன்னால்தான் ஆச்சு என்று அவரை ஒரு வழி பண்ணிவிட்டாள். வீட்டிலும் இதே சட்டம்தான். வாசல் கதவுக்கு வண்ணம் அடிக்கும்போது, ஏதோ ஞாபகத்தில் நீலத்துக்குத் தலையாட்டிவிட்டேன். அடித்து முடித்ததும் எனக்குக் கண்ணைக் கூசியது. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். "சரின்னு சொன்னீங்கல்ல?" என்ற ஒரே கேள்வியில் என் வாய் அடைத்தது. கதவு இன்றைக்கும் அந்தக் கண்றாவி நீலம்தான்.

இப்படிப்பட்டவள் தன் சட்டத்தைத் தானே மீறிய கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு ஒரே அக்கா. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். நாளெல்லாம் தையல் கம்பெனியில் சட்டைக்குக் கை வைத்தவள். உடம்பை ஒருத்தி தைப்பாள், காலரை இன்னொருத்தி தைப்பாள், கை மட்டும் என் அக்கா. அவள் வைத்த கைகள் எத்தனை ஊர்களில் வீசி நடக்கின்றனவோ தெரியாது, ஒரு முழுச் சட்டையை என்னுடையது என்று அவள் காட்டியதில்லை. கழுத்துப் பட்டையில் எப்போதும் எவனோ ஒருவன் பெயர் இருக்கும். கம்பெனியை மூடிய பிறகு சும்மா உட்காரப் பிடிக்காமல் சோப்புக் காய்ச்சக் கற்றுக்கொண்டாள். எலுமிச்சைத் தோலும் புதினாவும் போட்ட பச்சை சோப்பு. தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, குளித்துவிட்டு வெளியே போனால் லிஃப்டில் கூட வருகிறவர்கள் என்ன சோப்பு என்று கேட்பார்கள்.

அக்காவுக்கும் என் மனைவிக்கும் சண்டையும் கிடையாது, ஒட்டுதலும் கிடையாது. அக்கா அவளைப் "பெட்டி" என்றுதான் கூப்பிடுவாள். யாராவது கேட்டால், "தம்பி பொண்டாட்டி. கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா" என்பாள். அந்த "ஏதோ"வை என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்குவாள்.

கடைத்தெருவில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு பெரிய கடையில், அக்காவின் சோப்புக்கு ஒரு தட்டு ஒதுக்குவதாகச் சொன்னார்கள். நல்ல பெட்டியில் போட்டு, திறப்பு நாளைக்கு முன்னால் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்பது நிபந்தனை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வாய் நிறைய ஏதோ வெளிநாட்டுப் பெயர் ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்திருந்தாள். என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள்.

"அண்ணி, இது நீங்க காய்ச்சின சோப்பு. உங்க பேருதான் வரணும். பெருசா வரணும்."

"என் பேரை எவ வாங்குவா? சோப்பு வழுக்கறதுக்கு முன்னாடி பேரு வழுக்கிரும்."

"போட்டுப் பாப்போம். பிடிக்கலைன்னா எடுத்துடறேன்."

கரும்பச்சைப் பெட்டி, மேலே ஒரு எலுமிச்சை இலை, அதன்கீழே கறுப்பில் அக்காவின் பெயர். மடித்துக் கொடுத்த மாதிரிப் பெட்டியை அக்கா ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரி" என்றாள். அந்தப் பெயருக்குப் பழக அவளுக்கு அவகாசம் வேண்டியிருந்தது போல.

அச்சகத்திலிருந்து முதல் கட்டு வந்த அன்று அக்கா வீட்டுக்கு அதைச் சுமந்து போனதே நான்தான். ஒட்டி, தட்டையாக அடுக்கிய பெட்டிகள். அக்கா ஒன்றை உருவி, அமுக்கி நிமிர்த்தி, முன்பக்கத்தைப் பார்த்தாள். பக்கவாட்டைப் பார்த்தாள். பின்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி முன்பக்கத்துக்கு வந்தாள். இலை இருந்தது. அதன்கீழே வெறும் பச்சை.

"என் பேரு எங்கடா?"

இன்னொன்றை உருவினாள், இன்னொன்றை. எல்லாவற்றிலும் சோப்பு எடையிலிருந்து என்னவெல்லாம் கலந்திருக்கிறது என்பதுவரை எல்லாம் இருந்தது. அவள் பெயர் மட்டும் இல்லை. நான் போன் செய்ததும் என் மனைவி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி வந்தாள். பெட்டியைக் கையில் வாங்கியதும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டாள். என்ன நடந்தது என்று அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"நான் பாக்கும்போது கறுப்புல இருந்துச்சு. சரின்னு சொன்னேன்" என்றாள் அக்கா. "அதுக்கப்புறம் இதுல கை வச்சது யாரு?"

"நான்தான் அண்ணி. கறுப்பை வெள்ளையா மாத்தினேன். அதுல..."

அதற்குமேல் அக்கா கேட்கவில்லை. "பேரே வேண்டாம்னு சொன்னேன். நீதான் போடணும்னு நின்னே. ஆசை காட்டிட்டு அழிச்சிட்டியே! காலமெல்லாம் எவன் பேருக்கோ தச்சேன். இதுலயும் நான் இல்ல. போங்க ரெண்டு பேரும். சோப்பும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம்."

கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சொல்லிவிட்டு, காய வைத்திருந்த சோப்புகளின்மேல் ஒரு பழைய போர்வையை இழுத்து மூடினாள். எங்கள் அம்மா இறந்த அன்றுகூட அக்கா முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி துணி அலமாரியைத் திறந்து, புடவைகளுக்கு நடுவிலிருந்து ஒரு மாதிரிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். அதே கரும்பச்சை. இலைக்குக் கீழே வெள்ளையில் அக்காவின் பெயர், பளிச்சென்று, விளக்குப் போட்ட மாதிரி.

"அச்சுக்கு அனுப்பற அன்னிக்கு மறுபடியும் பாத்தேங்க. கறுப்புல, இரங்கல் செய்தி மாதிரி இருந்துச்சு. மனசு கேக்கலை. மாத்தினேன். நம்ம வீட்டு பிரிண்டர்ல போட்டுப் பாத்தா இவ்வளவு அழகா வந்துச்சு. அதை நம்பிட்டேன்."

"அப்புறம் எப்படிக் காணாமப் போச்சு?"

"பெட்டிக்கு அடிக்கிற மெஷின்ல வெள்ளைன்னு ஒரு மை கிடையாது. அட்டையே வெள்ளை. எழுத்து வர்ற இடத்துல பச்சை அடிக்காம விட்டாத்தான் வெள்ளையாத் தெரியும். கறுப்பு எழுத்துக்கு அது தேவையில்ல, பச்சை மேலயே அடிச்சிடலாம். அப்படித்தான் ஒரு கட்டளை போட்டு வச்சிருந்தேன். நிறத்தை மாத்தினவ கட்டளையை மாத்த மறந்துட்டேன். நம்ம வீட்டு பிரிண்டருக்கு அந்தக் கட்டளையெல்லாம் தெரியாது, அதுவா இடம் விட்டு அடிச்சிடும். மெஷின் பாவம், சொன்னதைச் செஞ்சிருக்கு. பச்சையை முழுசா அடிச்சிட்டு, அதுக்கு மேல ஒண்ணுமே இல்லாததை அடிச்சிருக்கு."

"அச்சகத்துல ஒருத்தன்கூடப் பாக்கலையா?"

"என் ஃபைல்னா கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவாங்க" என்றாள். அவள் இத்தனை நாள் சம்பாதித்த நல்ல பெயர் அன்றைக்குப் பார்த்து அவள் காலை வாரியிருக்கிறது.

"இதை அப்படியே அக்காகிட்ட சொல்லு."

"எனக்கே சாக்கு மாதிரி கேக்குது. அவங்க எப்படி நம்புவாங்க?"

நானும் தூது போய்ப் பார்த்தேன். அக்கா எனக்குச் சர்க்கரையில்லாத டீ கொடுத்தாள். மகளை விசாரித்தாள், என் முட்டியை விசாரித்தாள், என் மனைவியின் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போனாள். போர்வை அப்படியே கிடந்தது. அச்சகத்தில் கேட்டால், மெஷின் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிறது, கடை திறந்த பிறகுதான் மறுபடி அடிக்க முடியும் என்றார்கள். எனக்கு இருக்கிறது ஒரு அக்கா, ஒரு மனைவி. இரண்டு பேரில் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல், கண்ணில் பட்ட நீலக் கதவை ஓங்கிச் சாத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி ஒரு மரச்சட்டத்தோடு வந்து நின்றாள். சட்டத்தில் மெல்லிய வலை இழுத்துக் கட்டியிருந்தது, வலையின் நடுவில் அக்காவின் பெயர் மட்டும் மை இறங்குகிற மாதிரி திறந்திருந்தது. துணிப்பை, பிளாஸ்டிக் பையில் கடைப்பெயர் அடிக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு டப்பா வெள்ளை மையும் ஒரு ரப்பர் பட்டையும் வாங்கி வந்திருக்கிறாள். இந்த மை எதன் மேலும் கெட்டியாக உட்காருமாம், பச்சைக்கும் பயப்படாதாம். "தூக்குங்க" என்றாள். முகம்பார்க்கும் கண்ணாடியைத் தூக்குகிற மாதிரி அந்தச் சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் நடந்தேன்.

அக்கா கதவைத் திறந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அண்ணி, உங்க மேசை வேணும். எங்க வீட்டு மேசை ஆடுது" என்றாள் என் மனைவி. மன்னிப்பு, விளக்கம் ஒன்றும் கிடையாது. நேராக உள்ளே போய், மேசையில் ஒரு பெட்டியைத் தட்டையாக வைத்து, சட்டத்தை அதன்மேல் இறக்கி, மையை ஊற்றி, பட்டையால் இழுத்தாள். தூக்கிப் பார்த்தால், அக்காவின் பெயர் குடித்துவிட்டு வருகிறவனைப் போலச் சாய்ந்திருந்தது. அடுத்தது இலையின்மேல் ஏறி உட்கார்ந்தது. மூன்றாவதில் மை வழிந்து சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனது. கம்ப்யூட்டரில் மயிரிழை பிசகாதவள், கையால் செய்யும்போது சின்னக் குழந்தைக்கும் கீழே இருந்தாள். மூக்கு நுனியில்கூட வெள்ளை. ஆனாலும் அடுத்த பெட்டியை எடுத்தாள்.

கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்ற அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"நகரு."

அவ்வளவுதான் சொன்னாள். அட்டைத் துண்டுகளை வெட்டி, பெட்டியின் மூலை போய் முட்டுகிற மாதிரி மேசையில் ஒட்டினாள். சட்டம் வந்து உட்காருகிற இடத்துக்கும் அப்படியே இரண்டு தடுப்பு வைத்தாள். காலமெல்லாம் கை வைத்தவளுக்கு, எதை எதோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டியைத் தள்ளினாள், சட்டத்தை இறக்கினாள், பட்டையை ஒரே சீராக இழுத்தாள். தூக்கினாள். பெயர் நேராக நின்றது. அக்கா அடுத்த பெட்டிக்குக் கையை நீட்டினாள், என் மனைவி எடுத்துக் கொடுத்தாள்.

காயப்போடுவது என் வேலையானது. துணிக்கொடி நிறையப் பெட்டிகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். கொடி நிறைந்ததும் நாற்காலி, கட்டில், ஃபிரிட்ஜின் தலை என்று பரப்பினேன். எங்கே திரும்பினாலும் அக்காவின் பெயர்.

"கறுப்புக்கு என்ன குறைச்சல்?" என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

"செத்தவங்க பேரு மாதிரி இருந்துச்சு அண்ணி. உங்க பேரு வெளிச்சமா இருக்கணும்னு தோணுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"பெட்டி கைக்கு வரும்போது நீங்களா பாக்கணும்னு ஆசைப்பட்டேன்." கைப்பையிலிருந்து அந்த மாதிரிப் பெட்டியை எடுத்து மேசையோரம் வைத்தாள். அக்கா அதைத் தொடாமல் பார்த்தாள். அப்புறம் என் மனைவியைப் பார்த்தாள்.

"சரின்னு சொன்னதுக்கு அப்புறம் தொட மாட்டியே நீ."

"ஆமா."

"வேற யாருக்காவது இப்படி மாத்தியிருக்கியா?"

"இல்ல அண்ணி."

"உன் புருஷன் அந்தக் கதவுக்காக எவ்வளவு கெஞ்சினான்..."

"இப்பவும் கெஞ்சிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன் கொடியடியிலிருந்து. இரண்டு பேரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

அக்கா பட்டையைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பின் நுனியைச் சுருட்டி, என் மனைவியின் மூக்கிலிருந்த வெள்ளையைத் துடைத்துவிட்டாள். "பைத்தியக்காரி" என்றாள். என் மனைவி அழுதுவிட்டாள். நான் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே நேராக இருந்த பெட்டிகளை நேராக்கினேன். எனக்கும் கண் கலங்கியிருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அக்கா காய்ந்த பெட்டி ஒன்றை எடுத்து, தடிப்பாக எழும்பி நின்ற தன் பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் போர்வையை எடுத்துவிட்டுச் சோப்புகளைப் பெட்டியில் போட ஆரம்பித்தாள். அக்கா கொடுத்த டீயில் அன்றைக்கு எல்லோருக்கும் சர்க்கரை இருந்தது.

கடை திறந்த அன்று மூவரும் போனோம். நான் கூடையை வாங்கிக்கொண்டு கொஞ்சம் பின்தங்கினேன். சொன்னபடியே சோப்புத் தட்டு இருந்தது. அவசரத்தில் அடுக்கியிருக்கிறார்கள், பாதிப் பெட்டிகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. என் மனைவியின் கை தானாகவே போய்விட்டது. ஒன்று, இன்னொன்று என்று திருப்ப ஆரம்பித்தாள். நான் எதிர்பார்த்தபடியே ஒரு கடைப்பெண் விரைந்து வந்தாள்.

"மேடம், நீங்க யாரு? எதுக்கு இதையெல்லாம் தொடுறீங்க?"

என் மனைவி பழக்கத்தில் கையை இழுத்துக்கொண்டாள். "இல்ல, சும்மா..." என்று ஆரம்பித்தாள்.

அக்கா இடையில் வந்து நின்றாள். ஒரு பெட்டியை எடுத்து அந்தப் பெண்ணின் முன்னால் நீட்டி, எழுத்தைச் சுட்டிக் காட்டினாள்.

"இந்தப் பேரு என்னுது. இந்தப் பெட்டி இவளுது. திருப்பி வைக்கட்டும், விடு."

கடைப்பெண் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனாள். என் மனைவி ஒவ்வொரு பெட்டியாக, அவசரமே இல்லாமல், கடைசிப் பெட்டிவரை திருப்பி வைத்தாள். அக்கா பக்கத்தில் நின்று, கீழ்த்தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குத் துடைப்பம் தேவையில்லை, ஆனாலும் அவர்கள் முடிக்கிறவரை நான் எதிர் அலமாரியில் துடைப்பம் பார்த்துக்கொண்டு நின்றேன்.